ஒன்றாம் பாயிண்ட் ஏன் ஐந்து என்றால்தான் திரும்புகிறது?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாடி அறையில் மண்டபம், பாம்பன் சந்திப்பு, ராமேசுவரம், தனுஷ்கோடி ஆகிய நான்கு நிலையங்களையும் பழைய மீட்டர் கேஜ் காலத்துத் தோற்றத்தில், 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் மாதிரி ரயிலாக அமைத்திருக்கிறார். வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டுகள் 22, வண்டி நிற்பதை உணரும் சென்சார்கள் 36. ஒரு பழைய மடிக்கணினியில், மாதிரி ரயில்களை இயக்குவதற்கான ஜேஎம்ஆர்ஐ மென்பொருள் எல்லாவற்றையும் ஆள்கிறது. ஆள வேண்டும், ஆனால் மூன்று தொல்லைகள். 1 என்று கட்டளை கொடுத்தால் எந்தப் பாயிண்டும் அசைவதில்லை. 5 என்று கொடுத்தால் முதல் பாயிண்ட் திரும்புகிறது. போன மாதம் பாம்பனுக்கென்று ஒரு சென்சார் பலகையைப் புதிதாகச் சேர்த்ததிலிருந்து, ராமேசுவரத்தில் நிற்கும் வண்டியைத் திரை தனுஷ்கோடியில் காட்டுகிறது. மழை பெய்தால், பாலத்தில் வண்டியே இல்லாதபோதும் இருப்பதாக விளக்கு எரிகிறது. இவற்றோடு ஒரு சந்தேகம்: பாயிண்டுக்கும் சென்சாருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் மோதிக்கொள்ளுமா?

மோதாது தம்பி. அதிலிருந்தே தொடங்குகிறேன். அது ஏன் மோதாது என்று விளங்கிவிட்டால் மூன்று தொல்லைகளில் இரண்டு தாமாகவே அவிழும். மூன்றாவது எண் சம்பந்தப்பட்டதே அல்ல. நம் ஊர் உப்புச் சம்பந்தப்பட்டது.

மீன்பிடித் துறைமுகத்தில் ஒலிபெருக்கியில் ஒரு படகின் எண்ணைக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் எல்லாப் படகுக்கும் கேட்கிறது. அந்த எண்ணுக்கு உரியவர் மட்டும் எழுந்து போகிறார். தண்டவாளம் வழியாகவே எண்முறைக் கட்டளை அனுப்பும் டிசிசி முறையில் கட்டளை போவதும் இப்படித்தான். கட்டளை நிலையம் இரண்டு தண்டவாளங்கள் வழியாகவும் ஒரே செய்தியை அமைப்பு முழுவதும் பரப்புகிறது. அதைப் பிரித்துப் படிக்கும் சிறு மின்பலகைதான் டிகோடர். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடரும் கேட்கிறது, பாயிண்டின் அடியில் இருக்கும் டிகோடரும் கேட்கிறது. செய்தியின் தொடக்கத்தில் உள்ள பிட்டுகளே, அதாவது 0, 1 என்ற குறிகளே, இது இன்ஜினுக்கா, பாயிண்டு போன்ற துணைக் கருவிக்கா என்று பிரித்துச் சொல்லிவிடுகின்றன. ஆகவே 12 என்ற எண்ணில் ஓர் இன்ஜினும் 12 என்ற எண்ணில் ஒரு பாயிண்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரே தெருவில் இரண்டு முருகன்கள் இருப்பது போலத்தான். கூப்பிடும்போதே கடைக்கார முருகனா வாத்தியார் முருகனா என்று சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

இங்கே முக்கியமானது ஒன்று: கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராது. துணைக் கருவிக்கான சாதாரண டிசிசி கட்டளை ஒருவழிப் பாதை. பாயிண்ட் திரும்பியதா இல்லையா என்று அது கேட்டுக்கொண்டு வராது. அதனால்தான் சென்சார்களுக்குத் தனிக் கம்பி, தனி முறை, தனி எண் வரிசை வேண்டியிருக்கிறது. உங்கள் அமைப்பில் அது எஸ்88 என்னும் சென்சார் பலகைகளின் சங்கிலி. வேறு சிலர் லோகோநெட் வைத்திருப்பார்கள், சிலர் ஆர்எஸ்-பஸ், கையால் பலகை செய்கிறவர்கள் சி/எம்ஆர்ஐ. எதுவானாலும் போகும் பாதை வேறு, வரும் பாதை வேறு. ஜேஎம்ஆர்ஐ இதைத் தன் பெயரிடும் முறையிலேயே காட்டுகிறது: முதல் எழுத்து எந்த இணைப்பு என்பதற்கு, இரண்டாம் எழுத்து எந்த வகைக் கருவி என்பதற்கு, பிறகு எண். லோகோநெட் இணைப்பானால் எல்டி12 என்பது பாயிண்ட், எல்எஸ்12 என்பது சென்சார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிம்மதியாக வாழும்.

இப்போது அந்த 1, 5 விவகாரம். இதில் கொஞ்சம் கணக்கு உண்டு. ஆனால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது.

பாயிண்டுக்குப் போகும் டிசிசி செய்தியில் 1, 2, 3, 4 என்று பாயிண்ட் எண் நேரடியாக இருப்பதில்லை. முதலில் டிகோடரின் எண், 9 பிட்டுகளில். பிறகு அந்த டிகோடரின் நான்கு வெளியீடுகளில் எது என்பது, 2 பிட்டுகளில். அதன்பின் அந்த வெளியீட்டின் இரு பக்கங்களில் எது என்பதற்கு ஒரு பிட். டிகோடர் ஒன்றுக்கு நான்கு பாயிண்ட் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. 9 பிட்டில் 512 சேர்க்கைகள். தனியாக ஒதுக்கியவை போக 2,040 சொச்சம் பாயிண்டுகளுக்கு இடம் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இந்தப் பிறவிக்குப் போதும்.

நாம் திரையில் தட்டும் 22 என்ற எண்ணைக் கட்டளை நிலையம்தான் டிகோடர், வெளியீடு என்று உடைக்கிறது. முதல் டிகோடருக்கு 1 முதல் 4 வரை, இரண்டாவதற்கு 5 முதல் 8 வரை என்று போனால், 22 எங்கே விழும்? ஆறாவது டிகோடர் 21 முதல் 24 வரை. எனவே 22 என்பது ஆறாவது டிகோடரின் இரண்டாவது வெளியீடு. இதுவரை தகராறு இல்லை. தகராறு எங்கே என்றால், முதல் டிகோடர் என்பது 1-ஆ, 0-ஆ என்பதில். சில நிறுவனங்களின் நிலையங்கள் டிகோடர்களை 1-இலிருந்து எண்ணுகின்றன. சில நிலையங்கள் 0-இலிருந்து எண்ணுகின்றன. 0-இலிருந்து எண்ணும் நிலையத்தில் நீங்கள் 1 என்று தட்டினால், செய்தி டிகோடர் 0-க்குப் போகிறது. உங்கள் பாயிண்டின் அடியில் இருப்பதோ டிகோடர் 1. அது சும்மா இருக்கிறது. 5 என்று தட்டும்போதுதான் டிகோடர் 1-இன் முதல் வெளியீடு அழைக்கப்படுகிறது, உங்கள் முதல் பாயிண்ட் திரும்புகிறது. நான்கு தள்ளிப் போவதற்குக் காரணம் இவ்வளவுதான். கருவி கெடவில்லை, கம்பி மாறவில்லை. நம் வீடுகளில் தரைத்தளத்தை முதல் மாடி என்று சொல்லலாமா கூடாதா என்று சண்டை வருகிறதல்லவா, அதேதான்.

தீர்வு மூன்று உண்டு. நான் ஒன்றைத்தான் பரிந்துரைப்பேன். பல நிலையங்களில் இந்த எண்ணும் முறையை மாற்ற ஓர் அமைப்பு இருக்கும். கையேட்டில் தேடி, 1-இலிருந்து எண்ணும்படி மாற்றிவிடுங்கள். அது இல்லையென்றால், உங்கள் டிகோடரில் கற்றுக்கொள்ளும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்திவிட்டுத் திரையில் 1 என்று கட்டளை கொடுத்தால், அடுத்து வரும் செய்தியில் உள்ள முகவரி எதுவோ அதையே தன் முகவரியாக அது எடுத்துக்கொள்ளும். நிலையம் எப்படி எண்ணினால் என்ன, இரண்டும் ஒத்துப்போய்விடும். மூன்றாவது வழி, மனத்துக்குள் நான்கைக் கூட்டிக்கொண்டு வாழ்வது. என் நண்பர் ஒருவர் ஆறு ஆண்டுகள் அப்படி வாழ்ந்தார். நிலையத்தை மாற்றிய அன்று அவருடைய 30 பாயிண்டுகளும் ஒரே நேரத்தில் அந்நியமாகிப் போயின.

அடுத்து ராமேசுவரத்து வண்டி தனுஷ்கோடியில் தெரியும் கதை. இது எஸ்88-இன் பிறவிக் குணம். அந்தப் பலகைகளுக்குத் தமக்கென்று எண் கிடையாது. ஒவ்வொரு பலகையிலும் 16 உள்ளீடுகள். கிணற்றடியில் ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போல, கடைசிப் பலகை தன் 16 செய்திகளை முன்னால் இருப்பதற்குத் தள்ளுகிறது, அது அதற்கும் முன்னால் இருப்பதற்குத் தள்ளுகிறது, எல்லாம் ஒற்றை வரிசையாக நிலையத்தை அடைகின்றன. நிலையம் வந்த வரிசையை வைத்து எண்ணுகிறது: முதல் 16 முதல் பலகை, அடுத்த 16 இரண்டாவது. வரிசையில் நிற்கும் இடமே முகவரி.

உங்கள் பழைய வரிசை இப்படி இருந்திருக்கும். மண்டபம் 1 முதல் 16, அதிலேயே பாம்பனுக்கும் சில கம்பிகள். ராமேசுவரம் 17 முதல் 32. தனுஷ்கோடி 33 முதல் 48. பாம்பன் பலகையை, பூகோளப்படி சரியாக, மண்டபத்துக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவில் செருகிவிட்டீர்கள். இப்போது 17 முதல் 32 பாம்பன். ராமேசுவரம் 33-க்குத் தள்ளப்பட்டது. கணினிக்கு 33 என்றால் இன்னும் தனுஷ்கோடிதான். தனுஷ்கோடிக்கு வண்டி போனால் திரையில் எங்குமே தெரியாது. இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் நடக்கும், போய்ப் பாருங்கள். கட்டளை நிலையத்தில் பலகைகளின் எண்ணிக்கை இன்னும் 3 என்றே இருந்தால், நாலாவது பலகையை அது படிக்கக்கூடச் செய்யாது. அதை 4 ஆக்க வேண்டும்.

சரிசெய்வது எளிது. பாம்பன் பலகை மேசைக்கு அடியில் பாம்பனுக்குக் கீழேயே இருக்கட்டும். கம்பியை மட்டும் தனுஷ்கோடிப் பலகைக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டுங்கள். 49 முதல் 64 பாம்பனுக்கு. மேசையின் வரிசையும் சங்கிலியின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதிதாக எது வந்தாலும் சங்கிலியின் வாலில்தான் சேர வேண்டும், பந்தியில் பிந்தி வந்தவர் கடைசி இலையில் உட்காருவது போல. கம்பி கொஞ்சம் நீளும். எஸ்88-என் வகைப் பலகைகள் கணினி வலையமைப்புக் கம்பியையே பயன்படுத்துவதால் நீளத்தில் வரும் இரைச்சலும் குறைகிறது. சாதாரண தட்டைக் கம்பியானால் மோட்டார் கம்பிகளுக்கு இணையாக ஓட்டாதீர்கள்.

இந்த இடத்தில்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்தும் ஒரு பழக்கம் வருகிறது. நம் பக்கத்து விசைப்படகு ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் உண்டு. பெயரும் உண்டு. மீன்வளத்துறைப் பதிவேட்டில் எண். ஆனால் கரையில் நிற்கும் எவரும் எண்ணைச் சொல்லிப் படகைத் தேடுவதில்லை. பெயரைச் சொல்லித்தான் தேடுகிறார்கள். படகு பழுதாகி வேறு படகு வாங்கினால் எண் மாறும். பெயரைப் புதிய படகிலும் எழுதிக்கொள்வார்கள். ஜேஎம்ஆர்ஐ-யிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. எல்எஸ்33 போன்றது கணினிப் பெயர். கம்பி மாறினால் மாறும். அதன் பக்கத்திலேயே பயனர் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருக்கும். பெரும்பாலானோர் அதைக் காலியாகவே விடுகிறார்கள். விடாதீர்கள். 'ராமே நடைமேடை 1 மேற்கு' என்று தமிழிலேயே எழுதுங்கள். வரைபடத்திலும் தடங்களிலும் தானியங்கி விதிகளிலும் அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள். நாளைக்குப் பலகை எரிந்து போய் 33-க்குப் பதில் 70-இல் கம்பியை மாட்டினால், பெயரை எல்எஸ்33-இலிருந்து எல்எஸ்70-க்கு நகர்த்தினால் போதும், விதிகள் எல்லாம் பெயரைப் பின்தொடர்ந்து போய்விடும். எண் கம்பிக்கு, பெயர் இடத்துக்கு.

எண்ணிலேயே அர்த்தத்தைத் திணிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. மண்டபம் 100-களில், பாம்பன் 200-களில், மூன்றாம் இலக்கம் இரட்டையானால் வடக்கு என்றெல்லாம் திட்டம் போடுவார்கள். இந்த ஆசை எனக்கும் இருந்தது. முப்பது ஆண்டுகள் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவனுக்கு எண் என்றால் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. ஆனால் எஸ்88-இல் அது நடக்காது, ஏனென்றால் எண்ணைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, வரிசை. சி/எம்ஆர்ஐ-யில் பாதி நடக்கும்: அங்கே 1005 என்றால் 1-ஆம் கணுவின், அதாவது பலகைத் தொகுதியின், 5-ஆம் பிட், 2005 என்றால் 2-ஆம் கணுவின் 5-ஆம் பிட். நிலையத்துக்கு ஒரு கணு என்று வைத்தால் எண்ணைப் பார்த்ததும் ஊர் தெரிந்துவிடும். அங்கே உள்ளீடுகளும் வெளியீடுகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் சென்சார் 1005-உம் பாயிண்ட் 1005-உம் ஒன்றாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாயிண்டுகளுக்கு மட்டும் சின்னத் திட்டம் ஒன்றைச் சொல்வேன். உங்கள் கணக்குப்படி மண்டபத்தில் 5, பாம்பனில் 6, ராமேசுவரத்தில் 7, தனுஷ்கோடியில் 4. நெருக்கி அடுக்கினால் ஆறு டிகோடர்கள் போதும், இரண்டு எண் மிஞ்சும். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே டிகோடரிலிருந்து பாதிக் கம்பி மண்டபத்துக்கும் பாதிக் கம்பி பாலம் தாண்டிப் பாம்பனுக்கும் ஓடும். ஏழாவது டிகோடர் ஒன்றை வாங்குங்கள். மண்டபத்துக்கு இரண்டு, அதாவது 1 முதல் 8. பாம்பனுக்கு 9 முதல் 16. ராமேசுவரத்துக்கு 17 முதல் 24. தனுஷ்கோடிக்கு 25 முதல் 28. மேசையைத் துண்டு துண்டாகக் கழற்றி இடம் மாற்றும் நாள் வரும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

உண்மையான ரயில்வேயிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இணைத் தடங்களுக்கு நடுவே குறுக்கே போகும் பாதையில் இரு முனையிலும் பாயிண்ட் இருக்கும். ஒன்று திரும்பி மற்றது திரும்பாமல் இருந்தால் அந்தப் பாதைக்குப் பொருளே இல்லை. அதனால் நம் ரயில்வேயில் இரண்டுக்கும் ஒரே எண்: 101அ, 101ஆ என்பது போல. ஒரு கட்டளையில் இரண்டும் திரும்பும். நீங்களும் இரண்டு மோட்டார்களுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிடலாம். ஆனால் சிக்னல் பச்சையாக வேண்டுமென்றால் அ முனையும் சரியாகப் பதிந்திருக்கிறது, ஆ முனையும் சரியாகப் பதிந்திருக்கிறது என்று இரண்டிடமிருந்தும் தனித்தனியாகச் சாட்சி வர வேண்டும். கட்டளை ஒன்று, சாட்சி இரண்டு. முகவரிப் பட்டியல் எழுதும்போது மிகப் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். பாயிண்ட் எண்ணுக்கு எதிரே ஒரு சென்சார் எண் என்று கட்டம் போட்டுவிடுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று அது அமையாது.

சாட்சியே வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ஜேஎம்ஆர்ஐ-யில் பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் பின்னூட்ட முறை என்று ஓர் அமைப்பு உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டால் அது பெரும்பாலும் 'நேரடி' என்றிருக்கும். அதன் பொருள்: நான் திரும்பு என்று சொன்னேன், ஆகவே அது திரும்பிவிட்டது. திரையில் அழகாகக் கோடு மாறும். என் பாம்பன் சந்திப்பின் முதல் பாயிண்டைச் சர்வோ மோட்டார் ஒன்று திருப்புகிறது. அதன் கையை இறுக்கும் திருகு தளர்ந்து போயிருந்தது. மோட்டார் சுற்றியது, கை சுற்றவில்லை. திரை ராமேசுவரம் என்றது. வண்டி தனுஷ்கோடிப் பாதையில் திரும்பியது. அந்த வாரம் நான் மேசையின் அந்த முனையைக் கழற்றி வைத்திருந்தேன். இன்ஜினும் இரண்டு பெட்டிகளும் தரையில் விழுந்தன. பேத்தி அழுதாள். நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து அந்தப் பாயிண்டுக்கு 'இரு சென்சார்' முறை. பாயிண்டில் அசையும் நாக்குத் தண்டவாளம் இடப்பக்கம் ஒட்டினால் ஒரு சென்சார், வலப்பக்கம் ஒட்டினால் இன்னொன்று. இரண்டும் இல்லையென்றால் நடுவழியில் நிற்கிறது; ஜேஎம்ஆர்ஐ அதை ஒவ்வாத நிலை என்று காட்டும், என் விதிகள் வண்டியை விடாது. சென்சார் மோட்டாரைப் பார்க்கக் கூடாது, நாக்கைப் பார்க்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மோட்டாரில் சுவிட்ச் வைத்திருந்தால் என் விஷயத்தில் அதுவும் பொய்தான் சொல்லியிருக்கும். கடலுக்குப் போக டோக்கன் வாங்கிய படகெல்லாம் கரை திரும்பிவிட்டது என்று டோக்கன் கட்டையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? துறைக்குப் போய்ப் படகை எண்ணித்தான் சொல்ல முடியும்.

22 பாயிண்டுக்கும் இப்படிச் செய்தால் 44 சென்சார்கள் கூடும். தேவையில்லை. வண்டி வந்து பிரியும் திசையில் உள்ள எதிர்முகப் பாயிண்டுகள், தவறினால் வண்டி மோதும் அல்லது விழும் இடங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் போதும். உங்கள் வரைபடத்தில் ஐந்தோ ஆறோ தேறும். அவற்றுக்குச் சங்கிலியின் வாலில் இன்னொரு பலகை, 65 முதல் 80. முகவரிகளைப் பெயரால் இணையுங்கள்: 'பாம் முதல் பாயிண்ட் நேர்', 'பாம் முதல் பாயிண்ட் திரும்பு'.

பாம்பன் பாலம் தனிச் சமாச்சாரம். 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 23 மீட்டருக்கு மேல் வரும். உங்கள் மாடியில் எட்டுக் கண்களும் நடுவில் திறக்கும் பகுதியும் போதும். 40 அடிக் கண் ஒவ்வொன்றும் 14 சென்டிமீட்டர். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் ஷெர்சர் வகைத் திறப்பை ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலே போகிறது. நீங்கள் பழையதைச் செய்வதால் இரண்டு இலைகள், இரண்டு சர்வோக்கள். கணினிக்கு இதுவும் ஒரு பாயிண்ட்தான்: மூடியது நேர், திறந்தது திரும்பு. இரண்டு சர்வோவுக்கும் ஒரே கட்டளை முகவரி கொடுங்கள். ஆனால் இலைக்கு ஒரு சென்சார் கண்டிப்பாக வேண்டும். இரண்டும் மூடியது என்று சொன்ன பிறகே மண்டபத்துப் புறப்பாட்டுச் சிக்னல் மாற வேண்டும்.

பழைய பாலத்தில் எனக்கு மிகப் பிடித்த சென்சார் ஒன்று இருந்தது: காற்றுமானி. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். இதை மாதிரியில் வைக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஜேஎம்ஆர்ஐ-யில் உள் சென்சார் என்று ஒரு வகை உண்டு. அதற்குக் கம்பியும் இல்லை, பலகையும் இல்லை. கணினிக்குள் மட்டும் இருக்கும். ஐஎஸ் என்று தொடங்கும் பெயர். 'பாலம் காற்று' என்று ஒன்றை உருவாக்கித் திரையில் பொத்தானாக வையுங்கள். என் வீட்டில் பேத்திக்கு அதுதான் வேலை. வாடைக்காற்று வீசும் மாதத்தில் அவள் அதை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள். வண்டிகள் எல்லாம் மண்டபத்தில் காத்துக்கிடக்கும். இப்படிப் பொத்தானாக இருப்பதோடு, விதிகளைச் சோதித்துப் பார்க்கவும் உள் சென்சார் உதவும். கம்பி இழுக்கும் முன்பே முழு அமைப்பையும் உள் சென்சார்களை வைத்து ஓட்டிப் பார்த்துவிடலாம். பிறகு பெயரை உண்மையான முகவரிக்கு நகர்த்திவிட்டால் முடிந்தது.

இனி மழைக்காலத்துப் பொய் விளக்கு. உங்கள் பாலத்தில் இருப்பது மின்னோட்டத்தை அளந்து வண்டி இருக்கிறதா என்று சொல்லும் வகை. பெட்டியின் அச்சில் 10 கிலோ ஓம் மின்தடை ஒட்டுகிறோம். 15 வோல்ட்டில் அது ஒன்றரை மில்லி ஆம்பியர் இழுக்கும். சென்சார் அந்தச் சொற்ப ஓட்டத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூர்மையாக வைக்கப்பட்டிருக்கிறது. அதே ஓட்டம் ஈரமான ஜல்லி வழியாகக் கசிந்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பாலத்தின் இரு முனைகளிலும் தோற்றம் அசலாக இருக்கட்டும் என்று கடற்கரை மணலைக் கொண்டுவந்து போட்டீர்களா? நானும் போட்டேன். அரிச்சல்முனையிலிருந்து ஒரு பை. பார்க்க அத்தனை அழகு. உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பசையோடு சேர்ந்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அது ஒரு மின்தடையாக மாறிவிடும். 5 கிலோ ஓம் அளவுக்குக் கசிந்தால் கணினிக்கு அது இரண்டு அச்சுகள் நிற்பது போலத்தான்.

மணலைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசிக் காயவைத்த ஆற்று மணலைப் போடுங்கள். உடனே முடியாதென்றால் சென்சாரின் கூர்மையைச் சற்றுக் குறையுங்கள், ஆனால் பெட்டிக்கு ஒன்றாக இருக்கும் மின்தடையை இரண்டாகக் கூட்டிக்கொண்டு. ஜேஎம்ஆர்ஐ-யின் சென்சார் அட்டவணையில் செயல்படும் தாமதம், அடங்கும் தாமதம் என்று மில்லி நொடிக் கணக்கில் இரண்டு கட்டங்கள் உண்டு; மினுக்கும் விளக்குக்கு அவை நல்ல மருந்து. நாள் முழுக்க எரியும் விளக்குக்கு அவை உதவாது. உண்மையான ரயில்வேயில், தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தை வைத்து வண்டியை அறியும் தடச் சுற்றுகளுக்கும் இதே நோய் உண்டு. ஜல்லி நனைந்து மின்தடை குறைந்தால் வண்டியே இல்லாமல் தடம் நிரம்பியதாகக் காட்டும். அந்தப் பொய்யில் ஆபத்து இல்லை, வண்டி நிற்குமே தவிர மோதாது. அச்சு எண்ணிகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மண்டபத்தில் உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் ஒரு பிரிவு இருக்கிறது என்றால், நம் காற்று எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அதே காற்றுக்காகவே பாயிண்டின் நாக்கைப் பார்க்கத் திறந்த தொடுமுனை உள்ள மலிவுச் சுவிட்சுகளை நான் வாங்குவதில்லை. ஓராண்டில் பச்சை பூத்துவிடும். கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த ரீட் சுவிட்சும் சிறு காந்தமும் போதும். உப்பு உள்ளே போக வழியில்லை. அகச்சிவப்பு சென்சார் நல்லதுதான், ஆனால் உங்கள் அறைக்குக் கிழக்கு ஜன்னல் இருந்தால் காலை எட்டு மணிக்கு எல்லா நிலையத்திலும் வண்டி வந்துவிடும்.

முகவரிப் பட்டியலைக் கணினியில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு தடித்த நோட்டில், வரிக்கு ஒரு கருவி: பெயர், கணினி முகவரி, எந்தப் பலகையில் எந்த முனை, கம்பியின் நிறம், கடைசியாகத் தொட்ட தேதி. பலகைகளின்மேல் ஒட்டும் சீட்டு எழுதினால் ஐப்பசியில் உதிர்ந்துவிடும். படகில் எண் எழுதும் பெயின்டைச் சின்னத் தூரிகையில் தொட்டு எழுதுங்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டிய வரிசை: முதலில் கட்டளை நிலையத்தின் எண்ணும் முறை, பிறகு பாம்பன் பலகையின் கம்பி, பிறகு பெயர்கள். மணலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போகும். 1 முதல் 8 வரை மண்டபத்துக்கு ஒதுக்கியதில் 6, 7, 8 மிஞ்சும். அவற்றை வேறு ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து மண்டபம் கேம்ப் நிலையத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டு எழுதுவீர்கள்.